கிராணி ஐயாவின் ஈறும் என் எலுமிச்சை ஷர்பத்தும்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். "சார், ஈறுல ரத்தம் வருதுன்னு வர்றவங்களுக்கெல்லாம் விட்டமின் மாத்திரை குடுக்கிறேன். நல்லா கேக்குது சார்" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நானும் அப்படித்தான் மலாயாவில், ஜொகூரின் லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நிமிர்ந்துகொண்டு திரிந்தேன். எப்படிக் குனிந்தேன் என்பதை அவருக்கு அன்று சொல்லவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

உங்களை மருத்துவ உதவியாளர் என்கிறார்கள். நாங்கள் வெறும் டிரசர்கள், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்கள். ஆனால் டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் காரில் வருவார். மற்ற நாட்களில் எட்டுக் கட்டில் போட்ட அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான்தான் டாக்டர். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனங்கள் என்னைப் பார்த்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். இருபத்தாறு வயதுக்காரனுக்கு இது நல்லதல்ல. சைக்கிளில் போகும்போது மணி அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். அவர்களாக விலகுவார்கள் என்று.

அந்த வருடம் காட்டுவெட்டு வேலையிலிருந்து ஒரு கூட்டம் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மாதக்கணக்காகக் காட்டுக்குள் சோறும் கருவாடும் மட்டும் தின்றவர்கள். அதில் ஏழெட்டுப் பேருக்கு ஈறு பஞ்சு மாதிரி ஊதி, தொட்டால் ரத்தம் கசிந்தது. காலில் கறுப்புப் புள்ளிகள். டாக்டர் வந்து பார்த்தார். "பழமும் கீரையும் இல்லாததால் வந்த நோய். எலுமிச்சைச் சாறு கொடு, கொய்யா கொடு, கீரை சமைக்கச் சொல்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து ஒரு கூடை எலுமிச்சை வாங்கி வரச் செய்து பிழிந்து பிழிந்து கொடுத்தேன். பத்தே நாளில் ஈறு இறுகியது. வந்தபோது கஞ்சியைக்கூட விரலால் வழித்துத் தின்றவர்கள் கரும்பு கடித்தார்கள்.

வைத்தியம் டாக்டருடையது. ஆனால் அவர் காரில் போய்விட்டார் அல்லவா? பெயர் எனக்கு வந்தது. 'எலுமிச்சங்கா டிரசர்' என்று லயத்தில் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு எந்த வாய் என் முன் திறந்தாலும் எலுமிச்சைதான். வெற்றிலைக் காவி ஏறிப் பல்லடியில் காரை கல்லாய்ப் படிந்தவருக்கும் எலுமிச்சை, பல் ஆடுகிற கிழவருக்கும் எலுமிச்சை. கூடவே ஒரு கரண்டி மீன் எண்ணெய், கொஞ்சம் ஈஸ்ட். காரையைச் சுரண்டி எடுக்கும் கருவி மேசை இழுப்பில் துரு ஏறிக்கொண்டிருந்தது. சுரண்டினால் ஜனங்கள் கத்துவார்கள், துப்புவார்கள், மறுமுறை வர மாட்டார்கள். சாறு கொடுத்தால் வாழ்த்திவிட்டுப் போவார்கள். நீங்களே சொல்லுங்கள், எது சுகம்?

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாறு இரண்டு நாளில் கெட்டுப்போகிறது என்று நானே ஒரு கண்டுபிடிப்பு செய்தேன். எலுமிச்சைச் சாற்றில் சீனியைக் கொட்டி, பாகு பதத்துக்குக் காய்ச்சி, போத்தலில் அடைத்து 'ஈறு ஷர்பத்' என்று சீட்டு ஒட்டினேன். காய்ச்சியதில் சாற்றின் நல்ல குணம் போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. போக வேண்டியது போய், சீனி மட்டும் பத்திரமாக மிஞ்சியது. ஆனால் ருசி! அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

அந்தத் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒருவர் இருந்தார். அந்தோணிசாமி ஐயா. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த இடம் அவருடையது. ஆபீஸ் காகிதம் எதுவும் அவர் மேசையைத் தாண்டாமல் போகாது. ஆறடி உயரம், கஞ்சி போட்ட சட்டை. சிரிக்கவே மாட்டார். கண்டிப்பான மனிதர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டே சொன்னார்.

"டிரசர், இது வெளியில போகக்கூடாது. ஈறுல ரத்தம் வருது. வாய் நாத்தம். காலையில ஆளெண்ணுற பெரட்டுல நிக்கிறப்போ கங்காணிங்க ரெண்டு அடி தள்ளி நிக்கிறாங்க. மரியாதைன்னு நெனச்சேன். மரியாதை இல்ல."

அவர் சிரிக்காததன் காரணம் அன்றுதான் புரிந்தது.

"வாயைத் தொறங்க ஐயா, பாக்கிறேன்" என்றேன்.

"அதெல்லாம் வேணாம். அந்த ஷர்பத்து இருக்குல்ல, அதைக் குடுங்க."

"காரை இருந்தா சுரண்டி எடுக்கணும் ஐயா."

"நான் என்ன மாடா, வாயைப் புடிச்சுப் பல்லைப் பாக்க? ஷர்பத்தைக் குடுங்கன்னு சொல்றேன்."

கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு போத்தலுக்கு வந்தபோது மறுபடியும் கேட்டேன். முறைத்தார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சம்பளப் புத்தகம் முதல் என் லீவு வரை அவர் கையில் இருந்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், என் ஷர்பத்தை அவ்வளவு ஆசையாகக் குடித்தவர் வேறு யாரும் இல்லை. "நாக்கு ஒட்டிக்குது டிரசர். உங்க ஷர்பத்தைக் குடிச்சாதான் தாகம் அடங்குது" என்று வாரம் ஒன்று, பிறகு வாரம் இரண்டு, பிறகு மூன்று போத்தல்.

பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டுக்கொண்டிருந்தார். ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி எழுந்து பின்பக்கம் போய் வந்தார். ஓயாத தாகம், இளைப்பு, அடிக்கடி ஒண்ணுக்குப் போவது. இதை உங்களிடம் பரீட்சைக் கேள்வியாகக் கொடுத்தால் மூன்று பேனாவையும் எடுத்து எழுதுவீர்கள். நானும் எழுதியிருப்பேன். ஆனால் கேள்வித்தாளில் வரவில்லையே, கஞ்சி போட்ட சட்டையில் அல்லவா வந்தது! நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். என் ஷர்பத்துக்குத்தான் எவ்வளவு மவுசு!

இப்படி மூன்று மாதம் போயிற்று. மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாத மழையில் சாலை முழுகி, டாக்டர் கார் வர வழியில்லாமல் போனது. ஆபீஸ் டெலிபோனும் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கிராணி ஐயாவின் மனைவி பிலோமினா அக்கா குடையோடு ஓடி வந்தார். "தம்பி, இவருக்குக் கன்னம் இப்படி வீங்கிக் கெடக்கு. காய்ச்சல் கொதிக்குது."

ஆள் விட்டுத் தூக்கி வந்து கட்டிலில் போட்டோம். இப்போது வாய் தானாகத் திறந்தது. நான் பார்த்ததை விவரிக்க மாட்டேன், உங்களில் சிலர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றிச் சீழ், ஈறு முழுக்கப் புண். அதற்கு மேல் சுண்ணாம்புப் பாறை போலக் காரை. என் பன்னிரண்டு வார ஷர்பத் அந்தப் பாறையின் மேல் ஆறாய் ஓடியிருக்கிறது. ஒரு துண்டுகூட அசையவில்லை.

உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்து, ஒத்தடம் கொடுத்து, இரண்டு நாள் பார்த்தேன். தொண்டை வறள்கிறது என்று அவர் கேட்டபோதெல்லாம், வேறென்ன, ஷர்பத் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. கூப்பிட்டால் கண் திறப்பார், உடனே மூடிக்கொள்வார். துரை ரப்பர் பூட்ஸோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். தோட்டமே அந்தோணிசாமி ஐயா தலையில் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். "அந்தப் பல்தானே காரணம்? பிடுங்கி எறி. எதற்குக் காத்திருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் இரைந்தார்.

பிலோமினா அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே அழுதார். "புடுங்கிடுங்க தம்பி. அவரு படுறதைப் பாக்க முடியல."

எனக்கும் பிடுங்கத்தான் ஆசை. எதையாவது செய்துவிட்டால் போதும் என்று கை துடித்தது. இந்தத் துடிப்பு உங்களுக்கும் வரும். நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும்போது சும்மா இருப்பதுபோலக் கஷ்டமான வேலை வேறு கிடையாது. பல் பிடுங்கும் குறடைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி ஆயா முனியம்மா, மூத்திரச் சட்டிகளைக் கழுவப் போன பின்பக்கத்திலிருந்து வந்தாள். வாசற்படியில் நின்று, "டிரசரய்யா, ஒரு நிமிசம் வாங்க" என்றாள்.

"இப்ப முடியாது முனியம்மா."

"கிராணி ஐயா சட்டியில எறும்பு மொய்க்குது."

"மழை நாள்ல எறும்பு வராம என்ன? போய் வேலையைப் பாரு."

அவள் போகவில்லை. "நாலு பேரு சட்டி வரிசையா வச்சிருக்கேன். நேத்தும் பாத்தேன், இன்னைக்கும் பாக்கிறேன். மத்த மூணுக்கும் வரல. இவருதுக்கு மட்டும் ஏன் வருது?"

பன்னிரண்டு வாரம் என் கண் முன்னால் இருந்த எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தாகம், பெல்ட், ஆபீஸ் பின்பக்கம், ஆறாத ஈறு.

துரையைத் தாண்டி மருந்தறைக்கு ஓடினேன். பரிசோதனைக் குழாயில் சர்க்கரை சோதிக்கும் நீல மருந்தை ஊற்றி, கிராணி ஐயாவின் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, நின்றுவிடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். செங்கல் நிறத்தில் போய் நின்றது. கடுமையான நீரிழிவு. அந்த உடம்புக்குள் நான் போத்தல் போத்தலாகச் சீனிப்பாகு ஊற்றியிருக்கிறேன்.

அந்த நிலையில் பல்லைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு டாக்டர் எனக்குச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார்.

திரும்பி வந்து அடுப்பை அணைத்தேன். "பல்லைப் பிடுங்க மாட்டேன். இவருக்கு நீரிழிவு. இன்சுலின் வேண்டும். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போக வேண்டும்" என்று துரையிடம் சொன்னேன்.

"சாலையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. வழியில் செத்துப்போனால்?"

"இங்கே இருந்தால் நிச்சயம், ஐயா."

இவ்வளவு தைரியமாகப் பேசினேனா என்று கேட்காதீர்கள். ஆனால் வார்த்தை இதுதான். துரை என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே போய், "படகு! யாராவது ஒரு படகு கொண்டு வா!" என்று கத்தினார்.

கம்பத்திலிருந்து மலாய்க்காரர் ஒருவர் சம்பான் கொண்டுவந்தார். வாழைத்தார் ஏற்றுகிற சின்னப் படகு. ஆறடி கிராணி ஐயாவை அதில் குறுக்காகப் படுக்க வைத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டது. ஏற்றுவதற்கு முன்பு, உள் ஈற்றில் வெள்ளையாகத் திரண்டிருந்த ஒரே ஒரு இடத்தை மட்டும் லேசாகக் கீறிச் சீழை வடித்தேன். மூச்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று. அதற்கு மேல் கை வைக்கவில்லை.

பிறகு மேசையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். 'கடைவாயில் சீழ்க்கட்டி, மூத்திரத்தில் சர்க்கரை மிக அதிகம், மயக்கம்' என்று மூன்று வரி. அதோடு முடித்துக் கையெழுத்துப் போடலாம். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். பேனா அங்கேயே நின்றது. படகுக்காரர் வெளியிலிருந்து, "செப்பாட்லா டிரசர், செப்பாட்! தண்ணி ஏறுது!" என்று அவசரப்படுத்தினார்.

நாலாவது வரி எழுதினேன். மூன்று மாதமாக இவருக்குச் சீனிப்பாகு கலந்த ஷர்பத் கொடுத்து வந்தேன், நேற்றும் கொடுத்தேன், மூத்திரத்தை இன்று காலைக்கு முன் ஒரு முறையும் சோதிக்கவில்லை, தவறு என்னுடையது. கார்பன் தாள் வழியாக அடியில் நகல் விழுந்தது. தோட்ட விதிப்படி நகல் போக வேண்டிய இடம், பெரிய கிராணி மேசை.

லாயாங் லாயாங் ஸ்டேஷன் மேட்டில் இருந்ததால் தண்டவாளம் தப்பியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி கொடுத்து, தெற்கே போன சரக்கு ரயிலின் கார்டு பெட்டியில் இடம் வாங்கித் தந்தார். பிலோமினா அக்கா கூடப் போனார். ரயில் நகரும்போது என் கையைப் பிடித்து, "ஆண்டவர் உங்களுக்குக் குறை வைக்க மாட்டாரு தம்பி" என்றார். கடிதம் அவர் கைப்பையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐந்து வாரம். பிழைத்தார், மெல்ல மெல்லத் தேறுகிறார் என்று செய்தி வந்தது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். பிறகு அவர் மேசையில் கிடக்கிற நகலை நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் ஆபீஸ் காலியாக இருந்தபோது உள்ளே போய் அந்த மேசை முன்னால் நின்றேன்கூட. காகிதக் கட்டின் நடுவில் அதன் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்துவிட்டேன். பெரிய நேர்மையெல்லாம் இல்லை. கிழித்தால் சத்தம் கேட்கும் என்று ஒரு பயம்.

அவர் திரும்பி வந்த இரண்டாம் நாள் ஆள் அனுப்பினார். சட்டைக்குள் பாதி ஆளாக உட்கார்ந்திருந்தார். எட்டுப் பல் போயிருந்தது. அதை ஆஸ்பத்திரியில், சர்க்கரையை இறக்கிய பிறகு, பதமாக எடுத்திருக்கிறார்கள். நகல் அவர் முன்னால் விரித்துக் கிடந்தது.

"உக்காருங்க டிரசர். இத நீங்க எழுதாமயே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் ஐயா."

"அஞ்சு வாரம் நான் இல்ல. கிழிச்சுப் போட்டிருக்கலாம்."

"வந்து நின்னேன் ஐயா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நான் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தார். சிரித்தார். எட்டு இடைவெளியோடு, வாயை மூடாமல்.

"அந்த டாக்டர் சொன்னாரு, உங்க நாலாவது வரியினாலதான் அவங்க என்ன ஏதுன்னு முழிக்காம வேலையைத் தொடங்குனாங்கன்னு. எவ்ளோ சீனி உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சிருச்சுல்ல? சரி. ஆனா, ரெண்டு தடவ வாயைத் தொறக்கச் சொன்னீங்க, நான் தொறக்கல. அத ஏன் எழுதல?"

"சாக்கு சொல்றாப்ல இருக்கும்னு விட்டுட்டேன். மூணாவது தடவ நான் கேக்கலியே ஐயா."

கிராணி ஐயா பேனாவை எடுத்தார். நகலின் ஓரத்தில், அழகான சாய்வெழுத்தில், 'நோயாளி வாயைத் திறக்க மறுத்தார்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டார். "இப்பதான் கணக்கு சரி" என்று ஃபைலில் கோத்தார்.

அதன் பிறகு தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போய் இன்சுலின் ஊசி போட்டேன். துரு போக்கிய கருவியால் ஆறு தவணையில் மிச்சப் பல்லின் காரையை எடுத்தேன். கத்தினார். துப்பினார். மறுமுறையும் வந்தார். எலுமிச்சையை நிறுத்தவில்லை. சீனி இல்லாமல், காய்ச்சாமல், அப்போது பிழிந்த சாறு, கூடக் கீரை. சுத்தம் செய்த ஈறு ஆறுவதற்கு அது கைகொடுக்கத்தான் செய்தது. பாறைக்கு மேல் ஊற்றியபோது ஒன்றும் செய்யாத அதே எலுமிச்சைதான். மூன்று பேனாக்காரரே, உங்கள் மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. மாத்திரை துணைக்கு வரட்டும். வேலையை நீங்கள் செய்யுங்கள். ஆறாத ஈற்றைக் கண்டால், ஈற்றுக்குச் சொந்தக்காரரை முழுசாகப் பாருங்கள். சட்டி கழுவுகிறவர் வாசற்படியில் நின்று கூப்பிட்டால், எழுந்து போங்கள். முனியம்மா சம்பளத்தை உயர்த்தச் சொல்லித் துரைக்கு எழுதினேன். அந்தக் காகிதம் மட்டும் பெரிய கிராணி மேசையில் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை.

சில வருடங்கள் கழித்து மெர்சிங் பக்கம் எனக்கு மாற்றல் வந்தது. என் இடத்துக்கு வந்த புது டிரசருக்கு மருந்தறையைக் காட்டக் காத்திருந்தேன். அவர் வரத் தாமதமானது. ஆபீசில் கிராணி ஐயா பிடித்து உட்கார வைத்து, ஒரு ஃபைலைக் கையில் கொடுத்து, "மொதல்ல இத படிங்க. அப்புறம்தான் சாவி" என்றிருக்கிறார்.

வந்தவர் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார். அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். தலையாட்டினார். கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார்... மூத்திரம் சோதிக்கிற நீல மருந்து எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

போய் எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் பொறுப்பு வாங்கியவர்களில் அவ்வளவு நல்ல முதல் கேள்வி வேறு யாரும் கேட்டதில்லை.